ஃபார்ச்சூனர் வாடகை இருக்கட்டும், கார்டைத் தேய்ப்பது யார்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 39. கைக்கு வருவது 72,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 20,000. வீட்டுக் கடன் தவணை 24,000. ஒரே மகள், எட்டாம் வகுப்பு. அக்கா வீட்டில் நான்கு பேர், நாங்கள் மூன்று பேர். வருடம் ஒருமுறை சேர்ந்து காரில் நெடும்பயணம் போவோம். போன வருடம் ஃபார்ச்சூனரை வாடகைக்கு எடுத்து மூணாறு, ஆலப்புழை போனோம். படகு வீடு, அறை, பம்பர் கீறலுக்கு வாடகைக் கம்பெனி பிடித்துக்கொண்ட 14,000 எல்லாம் சேர்த்து 1,62,000 ஆனது. மொத்தமும் என் கிரெடிட் கார்டில். மாமா (அக்கா கணவர்) பாதி தருவதாகச் சொன்னார், 20,000 தந்தார். கார்டில் இன்னும் 86,000 நிற்கிறது. மாதம் 4,500 கட்டுகிறேன். அதுவும் போக மாதம் 4,000 மிஞ்சும். தீபாவளி போனஸ் 60,000 வரும்.

இந்த அரையாண்டு விடுமுறைக்கு மைசூர், ஹம்பி, கோவா, கோகர்ணா, மங்களூர் என்று 9 நாள் போகலாம், ஃபார்ச்சூனரே எடு என்கிறார் மாமா. வாடகை நாளுக்கு 7,000, தினம் 200 கி.மீ. வரை. தாண்டினால் கி.மீ.க்கு 18 ரூபாய். ஒன்றரை லட்சத்தில் முடியும் என்று நினைக்கிறேன். வங்கி ஆப்பில் 2 லட்சம் தனிநபர் கடன் 14 சதவீதத்தில் காட்டுகிறது. அதை எடுக்கலாமா, கார்டில் தேய்த்து இஎம்ஐ ஆக்கலாமா? மாமாவின் நண்பர் தன் ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிந்த) ஃபார்ச்சூனரை நாளுக்கு 5,000க்குத் தருகிறாராம். பழைய ஃபார்ச்சூனர் ஒன்றைக் கடனில் வாங்கி வாடகை ஆப்பில் விட்டால் வருமானமும் வரும் என்கிறார் மாமா. மனைவி கோபமாக இருக்கிறாள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: மனைவியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தனிநபர் கடனா, கார்டு இஎம்ஐயா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். வட்டி விகிதங்களை ஒப்பிடுவது எப்படி என்று பையர்களோடு டாலரில் பேரம் பேசும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களைக் கெடுப்பது ஃபார்ச்சூனரும் அல்ல. ஏழு பேர் செலவையும் முதலில் உங்கள் கார்டில் தேய்த்துவிட்டு, ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடுகிறீர்களே, அந்தப் பழக்கம்தான்.

கார்டு ஸ்டேட்மெண்ட்டை எடுத்து வட்டி வரியைப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதமோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருக்கும். 86,000க்கு மூன்றரை சதவீதம் 3,010. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஏறக்குறைய 540. ஆக மாதம் 3,550 வட்டிக்கே போகிறது. நீங்கள் கட்டும் 4,500இல் அசல் குறைவது 950 ரூபாய். இந்தப் பாக்கி நிற்கும்வரை வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையும் உங்களுக்குக் கிடையாது. இன்று அதே கார்டில் மளிகை வாங்கினால் அதற்கும் இன்றிலிருந்தே வட்டி.

இனி மாமா கணக்கு. 1,62,000இல் பாதி 81,000. தந்தது 20,000. மீதி 61,000. அதாவது கார்டில் நிற்கும் 86,000இல் பெரும்பகுதி அக்கா வீட்டார் சுற்றிப் பார்த்த செலவு. அந்த 61,000க்கு மட்டும் மாதம் சுமார் 2,500 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மாமாவுக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன். நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். கூச்சம். அக்கா முகத்துக்காக விட்டிருப்பீர்கள்.

இந்த நிலையில் புதுப் பயணம். உங்கள் ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. திருப்பூரிலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர் 210 கி.மீ., மைசூர்–ஹம்பி 430, ஹம்பி–கோவா 310, கோவா–கோகர்ணா 150, கோகர்ணா–மங்களூர் 230, மங்களூரிலிருந்து கோழிக்கோடு, பாலக்காடு வழியாகத் திருப்பூர் 475. உள்ளூர் சுற்றலையும் சேர்த்தால் 2,100 கி.மீ. வரும். உங்கள் வரம்பு 1,800. தாண்டும் 300க்கு 5,400 ரூபாய். ஏழு பேரும் சுமையுமாக ஃபார்ச்சூனர் லிட்டருக்குப் பத்து பத்தரை தந்தால் பெரிது. 200 லிட்டர் டீசல், லிட்டர் 90 என்று போட்டாலும் 18,000. வாடகை 63,000. டோல் 3,500. வண்டிக்கு மட்டும் 90,000 ஆகிவிட்டது. (டோலுக்கான ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் நினைவுக்கு வந்தால் மறந்துவிடுங்கள். அது சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்.) இரண்டு அறை, எட்டு இரவு, அறைக்கு 3,500 என்றால் 56,000. ஏழு பேர் சாப்பாடு 38,000. கடற்கரை விளையாட்டு, நுழைவுச் சீட்டு, முந்திரி என்று 15,000. கூட்டினால் இரண்டு லட்சம். அதிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் கோவாவில் 3,500க்கு நல்ல அறை யார் தருவார்கள்?

இரண்டு லட்சத்தை 14 சதவீதத்தில் 24 மாதத்துக்கு வாங்கினால் தவணை 9,600. உங்களுக்கு மிஞ்சுவது 4,000. மீதி 5,600 எங்கிருந்து வரும்? அதுவும் கார்டிலிருந்துதான் வரும். ‘இப்போது போ, பிறகு கட்டு’ என்று பயண ஆப்கள் காட்டும் கடனும் இதேதான், சட்டை மட்டும் வேறு.

இன்னொன்று. ஃபார்ச்சூனரில் ஏழு பேர் உட்காரலாம் என்பது சரி. மூன்றாவது வரிசையைத் திறந்துவிட்டால் பின்னால் பெட்டி வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று மூணாறு போனபோதே பார்த்திருப்பீர்கள். ஒன்பது நாள் துணிமணி, ஏழு பேர். மைசூரிலிருந்து ஹம்பி வரை எட்டு மணி நேரம் பின்வரிசையில் முழங்காலை மடக்கி உட்காரப்போவது பிள்ளைகள். அக்கா பிள்ளைகளைக் கேளுங்கள், எந்த வண்டி வேண்டும் என்று உண்மையைச் சொல்வார்கள்.

அதே 9 நாளுக்கு டி போர்டு (டாக்சியாகப் பதிந்த) இன்னோவா கிரிஸ்டாவை டிரைவரோடு எடுத்தால்? 8 சீட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும், ஏழு சீட்டரில் டிரைவர் போக ஆறு பேர்தான். நாளுக்குக் குறைந்தது 300 கி.மீ. கணக்கு; 2,700 கி.மீ., கி.மீ.க்கு 19 ரூபாய் என்றால் 51,300. டிரைவர் பேட்டா 5,400. பெர்மிட், டோல் 6,000. மொத்தம் ஏறக்குறைய 63,000. ஃபார்ச்சூனருக்கு வெறும் வாடகையே 63,000. இங்கே டீசலும் டிரைவரும் அதற்குள் அடக்கம். கீறல் விழுந்தால் அது வண்டிக்காரர் பாடு. போன வருடம் 14,000 கொடுத்து இந்தப் பாடத்தைப் படித்த பிறகும் ஃபார்ச்சூனர் என்றால், ஓட்டும் ஆசைக்கு 27,000 கொடுக்கிறீர்கள். ஓட்டும் ஆசை தப்பில்லை, எனக்கும் உண்டு. கடனில் வேண்டாம்.

மாமாவின் நண்பர் வண்டிக்கு வருகிறேன். இதில் எனக்குப் பொறுமையே இல்லை. 5,000க்கு வாடகைக்கு விடும் ஓன் போர்டு வண்டி, வெள்ளை நம்பர் பலகை. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்த வண்டியை வாடகைக்கு விட்டது தெரிந்தால் கிளெய்மை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். 40 லட்ச ரூபாய் வண்டி, கோகர்ணா பக்கம் ஒரு வளைவில் இடித்துக்கொண்டது என்று வையுங்கள். நண்பர் மாமாவைப் பார்ப்பார், மாமா உங்களைப் பார்ப்பார். நாளுக்கு 2,000 மிச்சம் பிடிக்க எடுக்கும் ஆபத்தா இது?

பழைய ஃபார்ச்சூனரை வாங்கி ஆப்பில் விடும் திட்டத்துக்கு ஒரு பத்தி போதும். 20 லட்சம் கடன், 11 சதவீதம், ஐந்து வருடம்: தவணை 43,500. வண்டியை வாடகை உபயோகத்துக்கு மாற்றிப் பதிய வேண்டும், இன்சூரன்ஸ் ஏறும், டயர் தேயும், ஆப் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். யார் யாரோ ஓட்டிய வண்டியை ஐந்து வருடம் கழித்து விற்கப் போவதும் நீங்கள்தான். வண்டி ஓடாத மாதத்திலும் தவணை வரும். யூடியூபில் இதைப் பேசுகிறவர்கள் நல்ல மாதத்துக் கணக்கை மட்டும் காட்டுவார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. போனஸ் 60,000 வந்த அன்றே கார்டில் கட்டுங்கள், மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள். மீதி 26,000. இதுவரை கட்டிய 4,500ஐயும் மிஞ்சும் 4,000ஐயும் சேர்த்து மாதம் 8,500 கட்டினால் வட்டியோடு சேர்த்து நாலு மாதத்தில் தீரும். அதுவரை அந்தக் கார்டில் ஒரு ரூபாய் தேய்க்கக் கூடாது. கல்யாண மொய்யானாலும் சரி. பாக்கி தீர்ந்ததும் வங்கியில் சொல்லி லிமிட்டை 50,000க்கு இறக்கிவிடுங்கள். லிமிட்டைக் குறைத்தால் சிபில் ஸ்கோர் (கடன் தரும்முன் வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) போய்விடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். மாதம் 3,550 வட்டி கட்டுவதைவிட அது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை.

ஏப்ரலிலிருந்து அதே 8,500ஐத் தனிக் கணக்கில் போட்டால் செப்டம்பர் முடிய 51,000. காலாண்டு விடுமுறையில் ஐந்து நாள், மைசூரும் ஹம்பியும் மட்டும், கிரிஸ்டாவில் போய் வர ஏழு பேருக்கு 90,000க்குள் முடிக்கலாம். உங்கள் பாதி 45,000. கோவா எங்கும் ஓடிவிடாது. இந்த டிசம்பரில் மகளுக்கு ஏமாற்றம் வேண்டாம் என்றால் நீங்கள் மூவரும் உங்களிடம் இருக்கிற வண்டியிலோ பஸ்ஸிலோ மைசூர் போய் இரண்டு நாள் தங்குங்கள். கையில் இருக்கும் பணத்துக்குள், கார்டில்லாமல். காரில் போனால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் பகலிலேயே ஏறிவிடுங்கள். இரவு 9 மணிக்கு மேல் காலை 6 வரை விடமாட்டார்கள்.

மாமாவிடம் என்ன சொல்வது? பழைய 61,000ஐக் கேட்டுச் சண்டை போடச் சொல்லவில்லை. ஒருமுறை, அக்காவும் இருக்கும்போது, ஸ்டேட்மெண்ட்டைக் காட்டுங்கள். ‘மாமா, போன வருசப் பணத்துக்கு மாசம் இவ்வளவு வட்டி போகுது, முடிஞ்சப்ப கொஞ்சம் கொஞ்சமா குடுங்க’ என்று சொன்னால் போதும். வந்தால் கார்டில் கட்டுங்கள். வரும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். அடுத்த பயணத்துக்கு மட்டும் கறாராக இருங்கள்: ‘இந்தத் தடவை ரெண்டு வீடும் பங்கை முன்னாடியே போட்டுடலாம் மாமா, அப்புறம்தான் வண்டி புக் பண்றேன்.’ பணம் கணக்கில் விழுந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். விழாவிட்டால் புக்கிங் இல்லை.

அதற்கும் பிறகு ஃபார்ச்சூனரில்தான் போவேன் என்று மாமா நின்றால், தாராளமாகப் போகட்டும். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், லைசென்ஸ் அவருடையது, டெபாசிட் அவர் கார்டில். எடுக்கும்போது வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள், பம்பரை இரண்டு தடவை. உங்கள் பங்கை முன்கூட்டியே அனுப்பிவிட்டு நடுவரிசையில் உட்காருங்கள். ஒப்பந்தத்தில் இரண்டாவது டிரைவராகக்கூட உங்கள் பெயர் வேண்டாம்.