300 படங்களுக்காக ஒரு பிரிண்டரா?

கேள்வி: எங்கள் குழந்தையின் முதல் வருடப் படங்கள் 300 போனில் இருக்கின்றன. எல்லாவற்றையும் 4×6 அங்குல அளவில் பிரிண்ட் போட வேண்டும். ஆன்லைனில் படத்துக்கு 12 ரூபாய் கேட்கிறார்கள். 14,000 ரூபாய்க்கு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கிவிட்டால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். எது லாபம்? – திருப்பூர் வாசகி

பதில்: ஆன்லைனிலேயே போடுங்கள். 300 படங்களுக்கு 3,600 ரூபாய், அதோடு கூரியர் செலவு. பிரிண்டருக்குக் கொடுக்கும் பணத்தில் 1,100 படங்களுக்கு மேல் போட்டுவிடலாம். வீட்டில் ஆகும் பேப்பர், இங்க் செலவை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

கடைக்காரர் பெட்டியைத் திருப்பி, ‘ஒரு செட் இங்க்குக்கு இத்தனை ஆயிரம் பக்கம்’ என்று காட்டியிருப்பார். அது ஆபீஸ் பக்கங்களை வைத்துப் போட்ட கணக்கு. தாளில் பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருக்கும். போட்டோவிலோ மூலைக்கு மூலை இங்க் இறங்கும். இந்த வித்தியாசத்தைப் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கிறார்கள், கேட்க நாதியில்லை. அப்புறம், ஆல்பம் முடிந்ததும் பிரிண்டர் சும்மா கிடக்கும், மையைப் பீய்ச்சும் ஹெட் அடைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்ய ‘கிளீனிங்’ கொடுக்கும்போதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய இங்க் உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சுக்குத்தான் போகிறது.

வீட்டில் ஏற்கெனவே பிரிண்டர் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேலைக்கு அது உதவும்: பாஸ்போர்ட் சைஸ் படம். எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எதிரிலேயே கேமரா இருந்தாலும், ‘ரெண்டு போட்டோ கொண்டு வாங்க’ என்பார்கள். 35×45 மில்லிமீட்டர் படங்கள் ஒரு 4×6 தாளில் எட்டு அடங்கும். பிரிண்ட் கொடுக்கும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்கட்டும். ‘ஃபிட் டு பேஜ்’ இருந்தால் அளவு மாறி, கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள். வெட்டும் முன் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மை நன்றாகக் காய்ந்த பிறகே வெட்டுங்கள்.

சரி, ஆன்லைன்காரர்கள் எல்லோரும் உத்தமர்களா? இல்லை. ‘50 படம் இலவசம்’ என்பவர்கள் கூரியர் கட்டணத்தில் வசூலித்துவிடுவார்கள். அதைவிட மோசம், இடையில் நின்று ஆர்டர் பிடிக்கும் தரகர்கள். ‘லேப் பிரிண்ட்’ என்று சொல்லி, சாதா இங்க்ஜெட்டில் மலிவான பேப்பரில் அடித்து அனுப்புவார்கள். அதனால் 300 படங்களையும் ஒரே மூச்சில் அனுப்பாதீர்கள். ‘சில்வர் ஹாலைடு பேப்பரா?’ (லேபில் ஒளி காட்டி, ரசாயனத்தில் கழுவி எடுக்கும் போட்டோ பேப்பர்) என்று எழுத்தில் கேட்டு, முதலில் பத்துப் படம் போட்டுப் பாருங்கள். ஒன்றின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். நிறம் கலங்கினால் அது லேப் பிரிண்ட் இல்லை, வேறு ஆளைப் பாருங்கள்.

படங்களை அவர்கள் தளத்தில் நேரடியாக ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால்தான் அசல் போகும். 4×6க்கு 1200×1800 பிக்சல் இருந்தால் போதும். போன் படம் பெரும்பாலும் 4:3 விகிதம், 4×6 என்பது 3:2. அதனால் படுக்கையாக எடுத்த படத்தில் மேலும் கீழும் வெட்டுப்படும், குழந்தையின் உச்சந்தலை போய்விடும். நிமிர்த்தி எடுத்த படத்தில் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். ஏற்றும்போது ஒவ்வொரு படத்தையும் நீங்களே நகர்த்தி வையுங்கள், சலிப்பாக இருந்தாலும். ‘ஆட்டோ கரெக்‌ஷன்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாநிறக் குழந்தையை வெள்ளையடித்து அனுப்பி, அதைச் சேவை என்பார்கள்.