சுன்னாகத்தில இறங்குங்கோ: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

போன ஆகஸ்ட்ல சென்னையிலருந்து கப்பல்ல நானும் வீட்டுக்காரியும் வந்தோம். காங்கேசன்துறையில இறக்கி ஏசி பஸ்ல நல்லூர் கோவில், லைப்ரரி, கோட்டைன்னு சுத்திக் காட்டி ஒரு ஓட்டல்ல பஃபே போட்டு திரும்ப ஏத்திட்டாங்க. சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சாம்பார், பொரியல்னு எல்லாம் நம்ம ஊர் மாதிரியேதான். நீங்க யாழ்ப்பாணச் சாப்பாடு வேறன்னு எழுதிக்கிட்டே இருக்கீங்க. அடுத்த தடவை டூர் வேணாம், நாங்களே நடந்து பாக்கலாம்னு இருக்கோம். ஆறேழு மணி நேரம்தான் கிடைக்கும். எங்க போகணும், என்ன சாப்பிடணும்?

ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள தம்பி,

உங்கட கடிதம் வாசிச்சிட்டு மனசு நொந்துபோச்சு. ஏனெண்டா அதே ஆகஸ்டில ஒருநாள் நான் சுன்னாகம் சந்தை வாசலில நிண்டனான், கப்பல் பஸ்ஸுகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போச்சு, ஒண்டும் நிக்கேல்லை. பனங்காய் வித்துக்கொண்டிருந்த ஆச்சி என்னைப் பாத்து "உவையள் ஏன் பிள்ளை இறங்கேல்லை?" எண்டு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்லை.

யாழ்ப்பாண ரவுண், அதாவது பட்டணம், துறைமுகத்தில இருந்து கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர், போய்வரவே நேரம் போயிடும். சுன்னாகம் அதில பாதி வழிதான். கேகேஎஸ் எண்ட காங்கேசன்துறை ரோட்டில ஓடுற பஸ்ஸில ஏறி சந்தையடியில இறங்குங்கோ. முதல் இந்தியக் காசை மாத்தி சின்னத் தாளா வைச்சிருங்கோ, காலமையே போங்கோ, மத்தியானத்தோட சந்தை கலைஞ்சிடும்.

உள்ளுக்குப் போனா முதல் கண்ணில படுறது வெங்காயம். நீங்கள் சின்ன வெங்காயம் எண்டு சொல்றதுதான் எங்களுக்கு வெங்காயம், பெரிசுக்குப் பேர் பம்பாய் வெங்காயம். எங்கட வலிகாமப் பகுதிச் செம்மண் ஒட்டினபடியே குவிச்சிருப்பினம். ஆனி ஆடியெண்டா கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருக்கும், விலை கேக்காமல் ஒண்டு வாங்கித் தின்னுங்கோ. கப்பல் எண்டு ஒரு வாழைப்பழம், கதலி, இதரை எல்லாம் குலையோட தொங்கும்.

ஆனா நான் உங்களைப் பாக்கச் சொல்றது பனையை. ஆவணியில பழுத்த பனங்காய் வரும். பக்கத்தில போக முன்னமே வாசம் வந்திடும். அதைத் தோலுரிச்சு, தும்பு நாரைத் தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு களியை எடுத்து, சீனி போட்டுக் காய்ச்சி, மாவோட குழைச்சு, விரலாலயே கிள்ளிக் கிள்ளி எண்ணெய்க்குள்ள போடுவினம், அதுதான் பனங்காய்ப் பணியாரம். வெளியில கறுப்பாப் பொரிஞ்சு உள்ளுக்கு மஞ்சளா மெத்தெண்டு இருக்கும், தொண்டையில ஒரு சின்னக் கயர்ப்பு நிக்கும், அந்தக் கயர்ப்பு இல்லாட்டி அது பனங்காய் இல்லை. அதே களியைப் பாயில ஊத்தி வெயிலில காயவிட்டா பினாட்டு. மிஞ்சின கொட்டையைப் பாத்தியில புதைச்சா தைப்பொங்கலை ஒட்டிக் கிழங்கு. அவிச்சுக் காயவைச்சா புழுக்கொடியல், பச்சையாப் பிளந்து காயவைச்சா ஒடியல். காய்ஞ்சதுகள் ஆவணியிலயும் கிடைக்கும். உங்களிட்டயும் பனை நிக்குது, கிழங்கு விக்குது, எனக்குத் தெரியும். ஆனா அந்த ஒடியலை மாவாக்கி, தண்ணியில ஊறவிட்டுக் கசப்புத் தண்ணியை வடிச்சு, நண்டு, றால், மீன்தலை, பயித்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, புளி, செத்தல்மிளகாய் அரைச்ச கூட்டு எல்லாம் போட்டுக் காய்ச்சுற கூழை நான் சென்னையில எங்கயும் காணேல்லை. பலா இலையைக் கோலி வைச்சுக்கொண்டு சுத்திவர இருந்து குடிக்கிறது. அது வீட்டுச் சாப்பாடு, பஃபேயில வராது. சில கடையளில காய்ச்சுவினம், சந்தையில கேட்டா காட்டிவிடுவினம்.

அதுவும் கிடைக்காட்டி குறை இல்லை, சின்னச் சாப்பாட்டுக் கடையில புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் கேளுங்கோ, சொதியைக் கையில ஊத்திக் குடிச்சுப் பாருங்கோ, அது சாம்பாரும் இல்லை ரசமும் இல்லை. வெள்ளிக்கிழமையிலயும் நல்லூர்த் திருவிழா 25 நாளிலயும் கனபேர் மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடமாட்டினம், மீன் பக்கம் மந்தமா இருக்கும், அப்ப மரக்கறியா சாப்பிடுங்கோ.

கப்பல் ஏற வேண்டிய நேரத்துக்கு ரெண்டு மணித்தியாலம் முன்னமே துறைமுகத்தில நிண்டாத்தான் நல்லது, பாஸ்போட் பாக்கிற வரிசை நீளம்.

அந்த ஆச்சி காங்கேசன்துறைப் பக்கத்து மனுசி. 1990ல யுத்தத்தால அந்தப் பக்கத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டது, கனபேர் சுன்னாகம் மல்லாகம் முகாமுகளில வருசக்கணக்கா இருந்தவை. "எங்கட ஊர்க் கடலுக்குத்தான் கப்பல் வருது, ஆக்கள் எங்களிட்ட வரேல்லை" எண்டா. பஸ்ஸுகள் போன பிறகு ரெண்டு பனங்காய் வாங்கினன், மூண்டாவது ஒண்டைச் சும்மா பையுக்குள்ள வைச்சா.

வாசல் வலப்பக்கம் சாக்கு விரிச்சு இருப்பா. வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போங்கோ, "ஆச்சி, நாங்கள் கப்பலில வந்தனாங்கள்" எண்டு சொல்லுங்கோ.