பாட்டியின் சுருக்கங்கள் எங்கே போயின?

அன்புள்ள அண்ணா,

என் போனில் ராத்திரி எடுத்தாலும் படம் பளிச்சென்று வருகிறது. ஆனால் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளன்று எடுத்த படத்தில் முகச் சுருக்கங்களையே காணோம், வேறு யாரோ மாதிரி இருக்கிறார். கேமரா வளர்கிறதா, பொய் சொல்லப் பழகுகிறதா? இனி எங்கே போகும்?

அன்புள்ள தம்பி,

போனின் ஒல்லி உடம்புக்குள் பெரிய லென்ஸுக்கும், ஒளியைப் பதியும் சென்சாருக்கும் இடமில்லை. உள்ளே வரும் வெளிச்சம் குறைவு, அதனால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும், நாய்ஸ் என்பார்களே, அதுதான். இதைச் சமாளிக்க போன் ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து, கை ஆடிய அளவுக்கு நகர்த்திப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிறது. இதுவரை எனக்குச் சம்மதமே, அத்தனையும் பாட்டி முகத்திலிருந்து வந்த ஒளிதான். மிச்சமிருக்கும் நாய்ஸைத் துடைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கண்ணோரத்து மெல்லிய கோடுகளும் சேர்ந்து அழிகின்றன.

துடைப்பதாவது பரவாயில்லை. 2023இல் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் போனால் எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத நுணுக்கங்கள் படத்தில் இருந்தன! நிலாவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவால் தெளிவைக் கூட்டுகிறோம் என்று நிறுவனமே விளக்கியது. 1975இல் கோடாக் நிறுவனத்தில் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் மொத்தமே பத்தாயிரம் புள்ளிகள், கருப்பு வெள்ளை, ஒரு படம் கேசட்டில் பதிய 23 நொடி. ஆனால் அதில் எதிரே இல்லாத எதையும் யாரும் வரைந்து சேர்க்கவில்லை.

இனி போட்டி மெகாபிக்சலில் இருக்காது, நம்பிக்கையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 2023இல் வந்த லைக்கா எம்11-பி என்ற கேமரா, படம் எடுக்கும்போதே அதில் டிஜிட்டல் கையொப்பம் வைக்கிறது, பிறகு யாராவது கைவைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல தொடக்கம். ஆனால் போனில் சுருக்கத்தைத் துடைத்த பிறகு கையொப்பம் விழுந்தால், துடைத்த முகத்துக்குத்தானே சான்று கிடைக்கும்? அதனால் சென்சார் பார்த்த மூலப்படமும் கூடவே இருக்க வேண்டும், எது சேர்த்தது எது வந்தது என்று போன் சொல்ல வேண்டும். இதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பாட்டியைக் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள், முகத்தை அழகாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், உங்கள் போனில் ரா (raw) வடிவம், அதாவது அதிகம் துடைக்காத மூலப்படம், இருந்தால் அதில் எடுங்கள். படம் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், பாட்டியைப் பார்க்க வேண்டும்.