மவுண்ட் செய்த டிஸ்க் உடனே கழன்றுவிடுவது ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரில் பழுதடைந்த டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். எந்த டிஸ்க்கை எந்த அடைவில் இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய யூயூஐடி-யை (டிஸ்க்கின் அடையாளக் குறியை) நீக்கிப் புதியதை எழுதி, '/டேட்டா' அடைவில் மவுண்ட் செய்தேன், அதாவது இணைத்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் மவுண்ட் ஆனவற்றைப் பட்டியலிடும் டிஎஃப் கட்டளையில் அந்த டிஸ்க்கைக் காணவில்லை. எத்தனை முறை முயன்றாலும் இதே நிலைதான். புதிய டிஸ்க்கும் பழுதா? வேலை நேரத்தில் ரீபூட் செய்யவும் முடியாது.

பதில்: டிஸ்க்கைக் குறைசொல்ல வேண்டாம், நீங்கள் மவுண்ட் செய்வதும் சரியாகவே நடக்கிறது. அடுத்த நொடியே அதைக் கழற்றிவிடுவது, லினக்ஸில் சேவைகளையும் மவுண்ட்டுகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி. எஃப்எஸ்டேப் கோப்பை அது எந்நேரமும் கவனித்துக்கொண்டிருப்பதில்லை. சர்வர் துவங்கும்போது ஒருமுறை படித்து, வரிக்கு ஒன்றாக மவுண்ட் யூனிட்டுகளை (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற குறிப்புக் கோப்புகளை) '/ரன்/சிஸ்டம்டி/ஜெனரேட்டர்' அடைவில் எழுதி வைத்துக்கொள்கிறது. உங்கள் '/டேட்டா'வுக்கான யூனிட் இன்னமும் பழைய யூயூஐடி-யோடுதான் பிணைந்திருக்கிறது. அந்த டிஸ்க் இப்போது கணினியில் இல்லாததால், அதை நம்பியிருக்கும் மவுண்ட்டும் இருக்கக்கூடாது என்று முடிவுகட்டி, நீங்கள் புதிதாக ஏற்றியதையும் சிஸ்டம்டி இறக்கிவிடுகிறது. சிஸ்டம்டியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்: செயலற்ற யூனிட்டோடு பிணைந்திருப்பதால் 'டேட்டா.மவுண்ட்'டும் நிறுத்தப்படுகிறது என்ற பொருளில் ஒரு வரி, நீங்கள் மவுண்ட் செய்த அதே நேரத்தில் பதிவாகியிருக்கும்.

ரீபூட் தேவையில்லை. ரூட் (நிர்வாகி) பயனராக 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' என்று கொடுத்தால் எஃப்எஸ்டேப் மறுபடி படிக்கப்பட்டு யூனிட்டுகள் புதிதாக எழுதப்படும். அதன்பின் மவுண்ட் செய்தால் நிலைத்து நிற்கும். எஃப்எஸ்டேப் மாறியிருக்கிறது, ரீலோட் செய்யுங்கள் என்று மவுண்ட் கட்டளையின் புதிய பதிப்புகள் தாமாகவே ஒரு குறிப்புக் காட்டுகின்றன. அதைப் படிக்காமல் கடந்துபோய் அரைநாளைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். எஃப்எஸ்டேபில் எழுத்துப்பிழை இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் மவுண்ட் செய்வதற்கு முன் ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. டிஸ்க் கழன்றிருந்த நேரத்தில் பேக்கப் ஸ்கிரிப்ட் ஏதேனும் ஓடியிருந்தால், அது '/டேட்டா' என்ற வெற்று அடைவில், அதாவது இயங்குதளம் இருக்கும் ரூட் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும். புதிய டிஸ்க்கை ஏற்றியதும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துவிடும். ரூட் டிஸ்க்கில் இடம் குறைந்திருப்பது மட்டும் தெரியும், காரணம் புலப்படாது. எனவே இப்போதே அந்த அடைவை எல்எஸ் கொடுத்துப் பார்த்து, ஏதேனும் இருந்தால் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகு மவுண்ட் செய்யுங்கள்.