மிரர் இருக்கே, பேக்கப் எதுக்கு?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் இரண்டு டிஸ்க்குகள் ரெய்ட் 1 மிரரில் (ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் பதிவாகும் ஏற்பாடு) ஓடுகின்றன. "ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே, பேக்கப்புக்கு ஏன் தனிச் செலவு?" என்கிறார் மேலாளர். என்ன பதில் சொல்வது?

பதில்: பதில் வேண்டாம், அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். யாரோ தப்பான டைரக்டரியில் நின்றுகொண்டு ஃபைல்களை அழிக்கும் ஆர்எம் கட்டளையைத் தட்டிவிட்டால், இரண்டாவது டிஸ்க்கில் அந்த ஃபைல்கள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்? முதல் டிஸ்க்கில் போகும்போதே அங்கேயும் போய்விடும். பணம் பறிக்கும் ரேன்சம்வேர் ஃபைல்களைப் பூட்டினாலும், டேட்டாபேஸ் கெட்டாலும் இரண்டு பிரதியும் ஒரே லட்சணத்தில்தான் இருக்கும். போதாக்குறைக்கு இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே பவர் சப்ளையில். மேலாளருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மூன்றாவது டிஸ்க் ஒன்றை மிரரில் சேர்த்து, சிங்க் ஆனதும் பிரித்தெடுத்து அலமாரியில் வைத்தால் அது பேக்கப் ஆகாதா?

பதில்: ஆகும், அரைகுறையாக. பழைய யுனிக்ஸ் ஆட்களுக்கு இது கைவந்த வித்தை. எச்பி-யுஎக்ஸில் எல்விஸ்ப்ளிட், சோலாரிஸில் மெட்டாடிடாச் என்று இதற்கென்றே கட்டளைகள் உண்டு. ஆனால் பிரிக்கிற நொடியில் டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருந்தால், உங்கள் கையில் இருப்பது திடீரென மின்சாரம் போன சர்வரின் டிஸ்க்தான். அதனால்தான் எச்பி-யுஎக்ஸில் பிரித்த பிரதியை எஃப்எஸ்சிகே ஓட்டிச் சரிபார்த்த பிறகே மவுன்ட் செய்வார்கள். டேட்டாபேஸை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள். முடியாதென்றால் அதற்குரிய டம்ப் கட்டளையால் தனியாக ஒரு பிரதி எடுங்கள்.

இன்னொரு வம்பு: பிரித்த டிஸ்க்கிலும் அதே யுயுஐடி (அடையாள எண்), அதே வால்யூம் குரூப் (டிஸ்க் தொகுப்பு) பெயர். அதைக் கொண்டுபோய் அதே சர்வரில் செருகி ரீபூட் செய்தால் எது புதுசு, எது பழசு என்ற குழப்பம் வரும். லினக்ஸில் மிரரை நடத்தும் எம்டி டிரைவர், மாற்றங்களைக் கணக்கு வைக்கும் ஈவென்ட் எண்ணிக்கையைப் பார்த்துப் பழையதை ஒதுக்கிவிடும், இரண்டும் சேர்ந்து கண்ணில் பட்டால். பழையது மட்டும் இருந்தால் சந்தேகமே இல்லாமல் போன வாரத் தகவலோடு சர்வர் எழுந்து நிற்கும்!

நான் சிபாரிசு செய்வது ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நொடியில் டேட்டா இருந்த நிலையின் உறைந்த பிரதி. டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம்மில் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் மூலம் வேறொரு மெஷினுக்கு அனுப்பிவிட்டு, உடனே அழித்துவிடுங்கள். ஒதுக்கிய இடம் நிரம்பினால் சாதாரண எல்விஎம் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்: இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையே மாறியதை மட்டும் இசட்எஃப்எஸ் சென்ட் அனுப்பிவிடும். எதில் எடுத்தாலும் ஒரே ஒரு பிரதியோடு நிற்காதீர்கள். பல வாரத்துப் பிரதிகள் வேண்டும், ஏனென்றால் டேட்டா கெட்டது அன்றைக்கே தெரிவதில்லை.

கேள்வி: மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் ஃபைலைப் பார்த்தால் இரண்டு 'யு' வர வேண்டிய இடத்தில் ஒரு 'யு'வும் ஒரு அடிக்கோடும் இருக்கிறது. பயனர்கள் யாரும் குறை சொல்லவில்லை. வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அடிக்கோடு என்றால் ஒரு டிஸ்க் மிரரில் இல்லை என்று பொருள். குறை சொல்ல ஆள் இல்லை என்பதுதான் மிரரின் பெரிய ஆபத்து. ஒரு டிஸ்க் செத்து மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல், இரண்டாவதும் போன அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வருகிறது.

இன்றைக்கே முதல் வேலையாக முழு பேக்கப் எடுங்கள். ஏனென்றால் புது டிஸ்க்கைச் சேர்த்ததும், அதில் நகலெடுப்பதற்காகச் சர்வர் மிஞ்சியிருக்கும் டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். இத்தனை நாள் யாரும் தொடாத மூலைகளில் இருக்கும் கெட்ட செக்டர்கள் அப்போதுதான் தலைகாட்டும். அடுத்து, எந்த டிஸ்க்கைக் கழற்றப்போகிறீர்கள் என்பதை ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் சீரியல் எண்ணை வைத்து உறுதிசெய்யுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், ரீபூட்டில் அவை இடம் மாறும். சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தை ட்ரேயின் முகப்பில் ஒட்டிவைப்பது என் வழக்கம். நல்ல டிஸ்க்கை உருவிவிட்டு முழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மிரரை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கட்டளையில் பழையதை ஃபெயில், ரிமூவ், பிறகு புதியதை ஆட். நடுவே எஸ்எஃப்டிஸ்க்கால் பார்ட்டிஷன் டேபிளை நகலெடுக்கும்போது திசையை இரண்டு தரம் பாருங்கள். தலைகீழாக அடித்தால் நல்ல டிஸ்க்கின் டேபிள் காலி. சிங்க் முடிந்ததும் புது டிஸ்க்கிலும் சர்வரை எழுப்பும் க்ரப் பூட்லோடரைப் போடுங்கள். யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் உள்ள சர்வர் என்றால், பூட் ஃபைல்கள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் மிரருக்கு வெளியே இருக்கும், அதையும் நகலெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் தகவல் பத்திரமாக இருக்கும், சர்வர் மட்டும் எழுந்திருக்காது.

எம்டிஅட்ம் கான்ஃப் ஃபைலில் மெயில்அட்ர் வரியில் உங்கள் முகவரி இருக்கிறதா? எம்டிஅட்மின் மானிட்டரை டெஸ்ட், ஒன்ஷாட் ஆப்ஷன்களோடு ஓட்டினால் ஒவ்வொரு மிரருக்கும் ஒரு சோதனைக் கடிதம் வரும். வரவில்லை என்றால் நிஜமானதும் வந்திருக்காது.

கேள்வி: பழைய சோலாரிஸ் சர்வர். இரண்டில் ஒரு டிஸ்க் போனபின்பும் ஓடிக்கொண்டிருந்தது. ரீபூட் செய்ததும் சிங்கிள் யூசரிலேயே (நிர்வாகி மட்டும் நுழையும் பராமரிப்பு நிலை) நின்றுவிட்டது.

பதில்: மிரரின் அமைப்பையும் நிலையையும் குறித்துவைக்கும் ஸ்டேட் டேட்டாபேஸ் பிரதிகள் இரண்டு டிஸ்க்கிலும் சமமாக இருந்திருக்கும். சரிபாதி இருந்தால் ஓடுகிற சர்வர் ஓடும், பூட் ஆக பாதிக்கு மேல் ஒன்றாவது வேண்டும். சிங்கிள் யூசரிலேயே செத்த டிஸ்க்கின் பிரதிகளை மெட்டாடிபி டி ஆப்ஷனால் நீக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள், எழுந்துவிடும். புது டிஸ்க் போட்டதும் அதில் மறுபடி பிரதிகளை உருவாக்க வேண்டும்.