முதல் வருட வரி, அப்பாவின் ஜாயிண்ட் அக்கவுண்ட், ஐ-94 தேதி

கேள்வி: 2025 ஆகஸ்ட் 10-ம் தேதி எச்-1பி வேலை விசாவில் மனைவி, மூன்று வயது மகளுடன் அமெரிக்கா வந்து சேர்ந்தேன். முதல் தடவையாக வரி தாக்கல் செய்யவேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் பயன்படுத்தும் சாஃப்ட்வேரிலேயே முடித்துவிடலாமா? மனைவிக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது.
– வாசகர், சார்லட், வட கரோலினா

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அந்த சாஃப்ட்வேர் உங்களை வருடம் முழுக்க இங்கே இருந்தவராக எடுத்துக்கொண்டு 1040 படிவத்தைப் போட்டுவிடும். உங்கள் கணக்கு வேறு.

வரிச் சட்டத்தில் ‘ரெசிடென்ட்’ ஆக 183 நாள் வேண்டும். அந்த வருட நாட்கள் முழுதாக, முந்தைய வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் முந்தைய வருடத்தில் ஆறில் ஒரு பங்கு என்று கூட்டுவார்கள். ஆகஸ்ட் 10 முதல் டிசம்பர் 31 வரை உங்களுக்கு 144 நாள்தான். ஆகவே 2025-க்கு நீங்கள் நான்-ரெசிடென்ட். அப்படியே விட்டால் 1040-என்.ஆர். படிவம். அதில் மனைவியோடு சேர்ந்து தாக்கல் செய்ய முடியாது, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் கிடையாது. (இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அது உண்டு, வேலைக்கு வந்தவர்களுக்கு இல்லை.) வருமானத்தில் வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் அந்தத் தொகை 2025-ல் தம்பதியருக்கு 31,500 டாலர். விட்டுவிட மனம் வருமா?

விடாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. வந்த முதல் வருடத்திலேயே ‘எங்களை ரெசிடென்டாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கணவனும் மனைவியும் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்து, சேர்ந்து 1040 தாக்கல் செய்யலாம். ஆனால் அதற்கு அடுத்த வருடம் அந்த 183 நாள் கணக்கு நிறைவேறியிருக்க வேண்டும். 144-ல் மூன்றில் ஒரு பங்கு 48. இன்னும் 135 நாள் வேண்டும். இடையில் ஊருக்குப் போகாமல் இருந்தால் 2026 மே 15 அன்று நிறைவேறும். ஏப்ரல் 15 கெடுவோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதனால் ஏப்ரல் 15-க்குள் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்குங்கள். அது தாக்கல் செய்யத்தான் அவகாசம், பணம் கட்ட அல்ல. சம்பளத்தில் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று டபிள்யூ-2 படிவத்தின் 2-ம் பெட்டியைப் பார்த்து, குறைந்தால் அப்போதே கட்டிவிடுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இந்தியாவில் வாங்கிய சம்பளத்தையும் இங்கே காட்டவேண்டும். அங்கே கட்டிய வரியை 1116 படிவத்தில் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவில் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் உங்களுக்கு இரண்டு ஃபார்ம் 16 தேவைப்படும். பழைய அலுவலகத்தில் கேட்டு இப்போதே வாங்கி வையுங்கள். பிறகு கேட்டால் யாரும் போனைக்கூட எடுக்கமாட்டார்கள். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்து எது லாபமோ அதைச் செய்யுங்கள். குடும்பத்தோடு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் சேர்ந்து செய்வதுதான் நல்லது.

மனைவிக்கும் மகளுக்கும் டபிள்யூ-7 படிவத்தை வரிப் படிவத்தோடு சேர்த்து அனுப்பி ஐ.டி.ஐ.என். எண் (சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்கான வரி எண்) வாங்கவேண்டும். அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பாதீர்கள். ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் துறை) உதவி மையத்தில் நேரம் வாங்கிக்கொண்டு போனால் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவார்கள். மகளுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாததால் சைல்டு டாக்ஸ் கிரெடிட் (குழந்தைக்கான வரிக் கழிவு) வராது. வேறு பிரிவில் 500 டாலர் கழிவு கிடைக்கும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தை மனைவியிடம் நீட்டி ‘இங்கே கையெழுத்துப் போடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். 2001-ல் கணவரைச் சார்ந்து வரும் எச்-4 விசாவில் கும்பகோணத்திலிருந்து நியூஜெர்சி வந்தவள் நான். இந்த நாட்டில் என் பெயருக்கென்று வந்த முதல் எண் அந்த ஐ.டி.ஐ.என்.தான். அந்தத் தபாலை இன்னும் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு வரிப் படிவத்தை நானே படித்துப் பார்க்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து பேசுகிறோம், உடனே பணம் கட்டாவிட்டால் நாடு கடத்துவோம் என்று போன் வருகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, எடிசன்

பதில்: வைத்துவிடுங்கள் அம்மா. ஐ.ஆர்.எஸ். முதலில் தபாலில்தான் கடிதம் அனுப்பும். கிஃப்ட் கார்டில் வரி வாங்காது. நாடு கடத்தும் அதிகாரமும் அதற்குக் கிடையாது.

கேள்வி: 2022 முதல் இங்கே இருக்கிறேன். ஊரில் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட், அப்பாவுடன் ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட் இருக்கின்றன. எதையும் இங்கே காட்டியதில்லை. ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்கிறார் நண்பர்.
– வாசகர், டாலஸ்

பதில்: தெரியும். 2015-ல் இந்தியாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டுவிட்டன. அமெரிக்காவில் வரி கட்டுபவர்களின் கணக்கு விவரத்தை இந்திய வங்கிகள் அதன்படி தெரிவிக்கின்றன.

உங்கள் இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை போடவேண்டும். இன்றைய மதிப்பில் சுமார் ஒன்பது லட்சம் ரூபாய். அப்பாவின் ஓய்வூதியப் பணம் கிடக்கும் ஜாயிண்ட் அக்கவுண்டும் முழுத் தொகையாக அதில் சேரும். பயப்படாதீர்கள், எஃப்பார் வெறும் தகவல்தான், அதனால் வரி வராது. அப்பாவின் பணத்துக்கு வரும் வட்டி அப்பாவுடையது. ஆனால் உங்கள் என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. இங்கே அது உங்கள் வருமானம்.

மியூச்சுவல் ஃபண்ட் விஷயம் இன்னும் கடுமை. அதற்கு 8621 என்ற தனிப் படிவம் உண்டு, வரியும் அதிகம். எஸ்.ஐ.பி. (மாதாமாதம் போடும் தவணை முதலீடு) ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இருப்பதை விற்பதற்கு முன் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

தெரியாமல் விட்டவர்களுக்கு ‘ஸ்ட்ரீம்லைன்டு’ என்ற வழி இருக்கிறது. மூன்று வருட வரிப் படிவங்களைத் திருத்தி, ஆறு வருடம் வரையிலான எஃப்பார்களைப் போட்டு, காட்டாத சொத்தில் 5 சதவீத அபராதம் கட்டவேண்டும். நீங்கள் 2022-ல் வந்ததால் எஃப்பாரும் அந்த வருடத்திலிருந்து போதும். ஐ.ஆர்.எஸ். கடிதம் வருவதற்கு முன் இதைச் செய்யவேண்டும். விஷயம் தெரிந்த பிறகும் சும்மா இருந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்று கையெழுத்திட முடியாது. நண்பர் உங்கள் அபராதத்தைக் கட்டப்போவதில்லை.

கேள்வி: அம்மாவுக்குப் பத்து வருட விசிட்டர் விசா கிடைத்திருக்கிறது. பேரன் பிறக்கப்போகிறான். ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, சான் ஹோசே

பதில்: விசா என்பது கதவு வரை வருவதற்கு. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை, உள்ளே நுழையும்போது பதிவாகும் ஐ-94-ல் உள்ள தேதி சொல்லும். வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். அம்மா வந்த அன்றே எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் ஐ-94-ஐ எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2005-ல் ஊரிலிருந்து திரும்பியபோது, அப்போதெல்லாம் பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தரும் வெள்ளை ஐ-94 அட்டையில், கணவருக்கு 2007 வரை தேதி போட்டிருந்தார்கள். எனக்கும் அதுதான் என்று நினைத்து நான் பார்க்கவே இல்லை. என் பாஸ்போர்ட் முன்பே காலாவதியாவதால் எனக்கு அந்தத் தேதியைத்தான் போட்டிருந்தார்கள். வேறு எதற்கோ நகல் எடுக்கும்போது கண்ணில் பட்டது. மீதி இருந்தது பதினோரு நாள். இரண்டு இரவு தூக்கமில்லாமல் படிவம் நிரப்பி அனுப்பினோம். ஆகவே அம்மாவின் பாஸ்போர்ட் எந்த வருடம் வரை என்பதையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

கூடுதலாக இருக்கவேண்டிய உண்மையான காரணம் இருந்தால், ஐ-94 தேதி முடியுமுன் ஐ-539 படிவத்தில் நீட்டிப்புக் கேட்கலாம். அந்தத் தேதிக்குப் பிறகு அனுமதியில்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுப் போனால் மூன்று வருடம் உள்ளே வர முடியாது. ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்து வருடம். பேரனின் முதல் பிறந்தநாளுக்கு அம்மா திரும்ப வரவேண்டும் இல்லையா? பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் வரச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்வரை கூட இருக்கலாம்.