மாநில வரி விவாதங்கள் சிறிய ஊர்களைத் தொடுகின்றனவா?

வரி குறித்துச் சட்டமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் நடக்கும் விவாதங்களால் சிறிய ஊர்களில் வாழ்பவர்களுக்கு ஏதேனும் மாறுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். காங்கயம் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக மளிகைக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாறுகிறது; ஆனால் பெரும்பாலும் அது வரி என்ற பெயரோடு வந்து நிற்பதில்லை.

அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் அரிசி ஆலைகள் மிகுதி. ஒரு குடும்பத்துக்கு 25 கிலோ சிப்பம் என்பது நெடுநாள் கணக்கு. பதிவு பெற்ற வணிகப் பெயர் கொண்ட பைகளுக்கு மட்டும் முன்பு இருந்த 5 விழுக்காடு ஜிஎஸ்டி, 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து விவரம் அச்சிட்டு விற்கும் எல்லா அரிசிக்கும் வந்தது. அதன் பிறகு ஆலைகளிலிருந்து 26 கிலோ சிப்பங்கள் வரத் தொடங்கின; 25 கிலோவைத் தாண்டினால் அந்த வரி இல்லை என்பதைத் தவிர அந்த எடைக்கு வேறு காரணமே கிடையாது. ஏன் 26 என்று வாங்குபவரைக் கேட்டால், "இப்பெல்லாம் அப்பிடித்தானுங்க வருது" என்பார். முழுச் சிப்பம் வாங்க முடியாமல் 5 கிலோ பையாக எடுப்பவர் வரி கட்டுகிறார். அதே அரிசியை நான் மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. மூலையில் கிடந்த என் தராசு மறுபடியும் வேலைக்கு வந்தது இப்படித்தான்.

இந்த விகிதத்தைத் தமிழக அரசு தனியாக மாற்ற முடியாது. விகிதங்களைப் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும்.

மாநிலத்தின் கையில் மிஞ்சிய பெரிய வரிகளுள் ஒன்று பெட்ரோல், டீசல் மீதான வரி. 2021 ஆகஸ்டில், அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்றார்கள். டீசலுக்குக் குறைப்பு இல்லை. பால் வண்டியும் தேங்காய் லாரியும் டீசலில் ஓடும் ஊருக்கு அது பாதி ஆறுதல்தான்.

அந்தக் குறைப்புக்குப் பிறகும் ஒரு லிட்டர் பெட்ரோலில் மாநிலத்துக்கு 20 ரூபாய்க்கு மேல் போகிறது. வாரம் 2 லிட்டர் போடும் என் மொபெட், அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கட்டிவிடுகிறது. அதைப் பற்றி நான் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. 2022 ஏப்ரலில் பேரூராட்சிகள் உட்பட நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரியை உயர்த்தினார்கள்: 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. என் வீட்டுக்கு அரையாண்டுக்கு 200 ரூபாய் கூடியது. அதற்காக இரண்டு முறை அலுவலகப் படி ஏறினேன். கையில் ரசீது வரும் வரிக்குத்தான் கோபம் வருகிறது.

எங்கள் சாலையின் ஒரு பக்கம் பேரூராட்சி, மறுபக்கம் கிராம ஊராட்சி. மறுபக்கத்தையும் பேரூராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும், ஜிஎஸ்டி மன்றத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டறியாதவர்கள் கூட என் கடைத் திண்ணையில் கூடி, வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று மனு எழுதச் சொன்னார்கள். குடிநீரும் தெருவிளக்கும் மேம்படலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. வரியை முதலில் எழுதுவதா, வேலையை முதலில் எழுதுவதா என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பெண்கள் விடவில்லை, வேலையைத்தான் முதலில் எழுதினேன்.